பதினைந்து தவணை ஐந்தானது: 2020-இல் இங்கிலாந்தின் கதிர்வீச்சு சிகிச்சை

2019 ஏப்ரலில் இங்கிலாந்தில் மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கொடுக்கப்பட்ட கதிர்வீச்சு சிகிச்சைகளில் 0.2 சதவீதம்தான் 26 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில், ஐந்து தவணையில், ஒரே வாரத்தில் முடிந்தவை. மறு ஆண்டு ஏப்ரலில் அது 60.6 சதவீதம். அதுவரை அங்கே வழக்கம் 40 கிரே, 15 தவணை, மூன்று வாரம். நாடு முழுக்க உள்ள மருத்துவமனைகள் ஒரு சிகிச்சை முறையைச் சில வாரங்களில் இப்படி மாற்றிக்கொண்டதற்குப் புற்றுநோய் மருத்துவத்தில் இன்னொரு உதாரணம் எளிதில் கிடைக்காது.

கொரோனா காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த மாற்றத்தை நெருக்கடி பெற்றெடுத்த புதுமை என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஐந்து தவணை முறை அதற்கு இருபது வருடம் முன்பிருந்தே ஆய்வுக்கு மேல் ஆய்வாக வளர்ந்துவந்த ஒன்று. நெருக்கடி வந்தபோது அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான். அப்படி ஆதாரம் தயாராக இருந்த இடங்களில் சிகிச்சையைச் சுருக்கினார்கள்; நோயாளிக்கு அது நன்மையாகவே முடிந்தது. தயாராக இல்லாத இடங்களில் தள்ளிப்போட்டார்கள். அந்தச் சுமை பெரும்பாலும் வயதானவர்கள் தலையில் விழுந்தது. சுருக்கியதையும் தள்ளிப்போட்டதையும் ஒரே வரியில் சேர்த்து "சேவை சமாளித்தது" என்று எழுதிவிட முடியாது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

2020 மார்ச்: தினமும் வர வேண்டியவர்கள்

உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது மார்ச் 11. பிரிட்டனில் பொதுமுடக்கம் மார்ச் 23. அந்த இடைவெளியிலேயே கதிர்வீச்சுத் துறைகளுக்கு இருந்த சிக்கல் தெளிவாகிவிட்டது.

மாத்திரையைத் தபாலில் அனுப்பலாம். மருத்துவர் ஆலோசனையைத் தொலைபேசியில் முடித்துக்கொள்ளலாம். கதிர்வீச்சுக்கு அப்படி எந்த வழியும் இல்லை. நோயாளி வந்து, அந்த மேசையில், அதே நிலையில் படுத்தே ஆக வேண்டும். அதுவும் ஒருமுறை இல்லை. வாரத்துக்கு ஐந்து நாள், மூன்று வாரம், சிலருக்கு ஆறு ஏழு வாரம். வரவேற்பறை, உடைமாற்றும் அறை, காத்திருக்கும் நாற்காலி, சிகிச்சை மேசை என்று ஒவ்வொரு வருகையும் நாலைந்து இடங்களில் மற்றவர்களோடு கலக்கும் வாய்ப்பு.

பிரிட்டிஷ் அரசு, வீட்டை விட்டே வெளியே வரக் கூடாது என்று சொன்ன உச்ச ஆபத்துப் பட்டியலில் நுரையீரல் புற்றுநோய்க்குக் குணப்படுத்தும் நோக்கத்தோடு கதிர்வீச்சு எடுத்துக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். அரசுக் கடிதம் வாசலைத் தாண்டாதே என்கிறது. சிகிச்சை அட்டை நாளைக் காலை பத்து மணிக்கு வா என்கிறது. இரண்டுமே சரியான அறிவுரைதான். அந்த நோயாளியின் இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தால்தான் அந்த வாரங்களின் கனம் புரியும்.

இன்னொரு பக்கம், நிறுத்திவைக்கவும் முடியாத நோய்கள் உண்டு. தலை, கழுத்துப் பகுதியில் வரும் புற்றுநோயும் கருப்பை வாய்ப் புற்றுநோயும் வேகமாகப் பெருகும் வகை. பாதி சிகிச்சையில் இடைவெளி விட்டால், விடுபட்ட ஒவ்வொரு நாளுக்கும் கட்டி கட்டுக்குள் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு சதவீதம் அளவுக்குக் குறைந்துகொண்டே போகும். ஊழியர்கள் பலர் தனிமைப்படுத்தலில் இருக்க, இருக்கும் நேரத்தை யாருக்கு முதலில் கொடுப்பது?

இதற்கு எழுத்தில் ஒரு பதில் மார்ச் 28-ஆம் தேதியே வந்தது. எந்தச் சிகிச்சையை எப்படித் தர வேண்டும் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, பெருந்தொற்றுக் காலத்தில் கதிர்வீச்சு சிகிச்சை தருவதற்கான அவசர வழிகாட்டுதலை வெளியிட்டது. நோயாளிகளை ஐந்து முன்னுரிமைப் படிகளாகப் பிரித்தது அது. முதல் படியில், மேலே சொன்ன வேகமாக வளரும் நோய்களுக்குக் குணப்படுத்தும் சிகிச்சையில் இருப்பவர்கள். இரண்டாவது, முதுகுத்தண்டு கட்டியால் நசுங்கி, ஆனால் கால்களைக் காப்பாற்ற இன்னும் வாய்ப்பு இருப்பவர்கள். மூன்றாவது, அவ்வளவு வேகமில்லாத நோய்க்குக் கதிர்வீச்சே முதல் சிகிச்சையாக இருப்பவர்கள். நான்காவது, ரத்தக்கசிவு போன்ற தொந்தரவைத் தணித்தால் மருத்துவமனையின் மற்ற பிரிவுகளுக்குச் சுமை குறையும் என்ற நிலையில் உள்ளவர்கள். கடைசிப் படியில், அறுவையில் கட்டி முழுதாக அகற்றப்பட்டு, பத்து ஆண்டில் நோய் திரும்பும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் குறைவாக இருப்பவர்கள். ஹார்மோன் மருந்தில் இருக்கும் புரோஸ்டேட் நோயாளிகளும் இதே படியில்தான்.

மார்பகப் புற்றுநோயாளிகளில் மிகப் பலர் இந்தக் கடைசிப் படியில்தான் வருகிறார்கள். பட்டியலில் கடைசி என்றாலும் எண்ணிக்கையில் முதல். எந்தக் கதிர்வீச்சுத் துறையிலும் அன்றாட வேலையில் பெரிய பங்கு மார்பகத்துக்குத்தான். அவர்களை எப்படி நடத்துகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் மற்றவர்களுக்கு எந்திரத்தில் இடம் கிடைக்குமா, கூடத்தில் கூட்டம் குறையுமா என்பதெல்லாம் முடிவாகும்.

அதற்கு முந்தைய இருபது ஆண்டுகள்

கதிர்வீச்சை ஏன் சிறுசிறு தவணைகளாகப் பிரிக்கிறார்கள்? ஒரு நாளைக்கு 2 கிரே மாதிரி குறைந்த அளவு கொடுத்தால், இடையில் கிடைக்கும் நேரத்தில் ஆரோக்கியமான திசு தன்னைச் சரிசெய்துகொள்கிறது. புற்றுச் செல்லுக்கு அந்தத் திறன் குறைவு. பல கட்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். அதனால் மார்பகத்துக்கும் 50 கிரே, 25 தவணை, ஐந்து வாரம் என்பது உலகில் பல இடங்களில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது.

மார்பகப் புற்றுநோய் விஷயத்தில் அந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை என்பதுதான் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பிடித்த நூல். ஒரு தவணையின் அளவு கூடும்போது ஆரோக்கியமான மார்பகத் திசு எவ்வளவு பாதிக்கப்படுகிறதோ, கிட்டத்தட்ட அதே அளவுக்குப் புற்றுச் செல்லும் பாதிக்கப்படுகிறது. அப்படியென்றால் சிறிய தவணைகளால் தனியாகக் கிடைக்கும் லாபம் பெரிதாக ஒன்றுமில்லை. மொத்த அளவைக் குறைத்து, ஒவ்வொரு தவணையையும் பெரிதாக்கினால் அதே பலன் கிடைக்க வேண்டும்.

கிடைக்க வேண்டும் என்பது வேறு, கிடைக்கிறது என்று காட்டுவது வேறு. அதிலும் பிரிட்டனுக்கு இதில் ஒரு பழைய காயம் இருந்தது. 1991-இல் அங்கே ரேஜ் என்ற பெயரில் பெண்கள் ஒன்றுசேர்ந்து ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். மார்பகக் கதிர்வீச்சுக்குப் பிறகு தோள்பக்கத்து நரம்புப் பின்னல் சேதமாகி, தீராத வலியோடும் செயலிழந்த கையோடும் வாழ்ந்தவர்கள் அவர்கள். எங்களுக்கு என்ன நடந்தது, ஏன் ஊருக்கு ஊர் வேறு வேறு முறையில் சிகிச்சை தந்தீர்கள் என்று அவர்கள் கேட்ட கேள்வி அந்தத் துறையை உலுக்கியது. தவணையைப் பெரிதாக்குவது விளையாட்டு இல்லை என்பதை அந்த நாட்டு மருத்துவர்கள் மறக்கவே முடியாதபடி செய்தவர்கள் இந்தப் பெண்கள்தான். நல்ல மாற்றத்தின் வரலாறு எழுதப்படும்போது இவர்கள் பெயர் பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் படிப்படியான வேலை. 1999 முதல் 2002 வரை ஸ்டார்ட் என்ற இரட்டை ஆய்வில் 4,451 பெண்கள் சேர்ந்தார்கள். 40 கிரேயை 15 தவணையில் கொடுப்பது, 50 கிரேயை 25 தவணையில் கொடுப்பதற்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை என்று 2008-இல் முடிவு வந்தது. பிரிட்டன் மூன்று வார முறைக்கு மாறியது. அடுத்து ஃபாஸ்ட் ஆய்வு. 915 பெண்கள், வாரத்துக்கு ஒரு தவணை வீதம் ஐந்து வாரம். அப்புறம்தான் ஃபாஸ்ட்-ஃபார்வர்ட்.

ஃபாஸ்ட்-ஃபார்வர்டில் 2011 நவம்பர் முதல் 2014 ஜூன் வரை பிரிட்டனின் 97 மருத்துவமனைகளிலிருந்து 4,096 பேர் சேர்ந்தார்கள். மூன்று குழுக்கள். ஒன்றுக்கு வழக்கமான 40 கிரே, 15 தவணை. மற்ற இரண்டுக்கும் ஒரே வாரத்தில் ஐந்து தவணை: ஒன்றில் மொத்தம் 27 கிரே, இன்னொன்றில் 26 கிரே. ஐந்து ஆண்டு முடிவில் அதே மார்பகத்தில் நோய் திரும்பியவர்கள் 40 கிரே குழுவில் 2.1 சதவீதம், 27 கிரேயில் 1.7, 26 கிரேயில் 1.4. நோயைக் கட்டுப்படுத்துவதில் ஒரு வார முறை பின்தங்கவில்லை.

இந்த ஆய்வில் நான் அதிகம் மதிப்பது 26, 27 என்று இரண்டு அளவுகளையும் சோதித்ததைத்தான். மார்பகம் சுருங்குவது, கெட்டிப்படுவது, வீங்குவது போன்ற மிதமான அல்லது கடுமையான பின்விளைவுகளை ஐந்து ஆண்டு முடிவில் மருத்துவர்கள் பரிசோதித்துப் பதிவு செய்தபோது, 40 கிரே குழுவில் 9.9 சதவீதம், 26 கிரேயில் 11.9 சதவீதம், 27 கிரேயில் 15.4 சதவீதம். மொத்தத்தில் ஒரே ஒரு கிரே. ஒரு தவணைக்கு 0.2 கிரே. அவ்வளவு சின்ன வித்தியாசம் இவ்வளவு பெண்களின் உடலில் தெரிகிறது. 27-ஐ மட்டும் சோதித்திருந்தால் ஐந்து தவணை முறையே கைவிடப்பட்டிருக்கலாம். சோதிக்காமல் ஊகத்தில் 27-ஐப் பயன்படுத்தியிருந்தால் ஆயிரக்கணக்கானவர்கள் அதன் விலையைக் கொடுத்திருப்பார்கள்.

இந்த ஐந்து ஆண்டு முடிவுகள் லான்செட் இதழில் வெளியான தேதி 2020 ஏப்ரல் 28. தேதியைக் கவனியுங்கள். ஏப்ரல் மாதச் சிகிச்சைகளில் 60.6 சதவீதம் இந்த முறையில் நடந்தது என்றால், அவற்றில் பெரும்பகுதி கட்டுரை வெளியாவதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். தோல் எரிச்சல் குறைவு, மூன்றாண்டுப் பின்விளைவுகள் ஏற்கத்தக்கவை என்ற முந்தைய தகவல்களும், ஃபாஸ்ட் ஆய்வின் நீண்டகால முடிவுகளும் கையில் இருந்தன. அவற்றை வைத்து, கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஷார்லட் கோல்ஸ் தலைமையில் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து பெருந்தொற்றுக் கால மார்பகக் கதிர்வீச்சுக்கு ஒரு வழிகாட்டுதல் எழுதினார்கள். நிணநீர்க் கணுக்களில் நோய் இல்லாத, கட்டி இருந்த இடத்துக்குக் கூடுதல் கதிர்வீச்சும் தேவைப்படாத எல்லோருக்கும் ஐந்து தவணை மட்டும் கொடுங்கள் என்றது அது. ஆய்வில் பங்கேற்ற அதே மருத்துவமனைகள், அதே ஊழியர்கள். திட்டமிடும் முறை அவர்களுக்குப் பழக்கமானது. புதிய எந்திரம் தேவையில்லை, புதிய பயிற்சியும் பெரிதாகத் தேவையில்லை. வேகத்துக்குக் காரணம் அதுதான்.

சிகிச்சை அறைக்குள்

வெளியிலிருந்து பார்த்தால் 15 என்பது 5 ஆனது வெறும் கழித்தல் கணக்கு. அறைக்குள் வேலை வேறு மாதிரி மாறுகிறது.

நோயாளி சாய்வுப் பலகையில் படுத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கித் தாங்கியில் வைக்கிறார். மார்பிலும் விலாப் பக்கத்திலும் பச்சை குத்திய சின்னப் புள்ளிகள் லேசர் கோட்டோடு பொருந்தும்வரை இரண்டு ஊழியர்கள் உடலை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துகிறார்கள். இதை ஆறடி தள்ளி நின்று செய்ய முடியாது. இடது மார்பகம் என்றால் இதயத்தை விலக்கிவைக்க மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும். ஊழியர்கள் வெளியேறிக் கனத்த கதவு மூடிய பிறகு, கதிர் பாய்வது ஓரிரு நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் இந்த நிலைப்படுத்தலுக்கே. நோயாளி எழுந்த பிறகு பலகை, கைத்தாங்கி, மேசை விளிம்பு, கதவுப் பிடி எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். ஒரு நோயாளிக்கு இது பதினைந்து முறை நடப்பதற்குப் பதில் ஐந்து முறை.

பதினைந்தில் ஒரு நாள் நிலை சற்றுப் பிசகினால் பாதிக்கப்படுவது மொத்த அளவில் 7 சதவீதத்துக்கும் குறைவு. ஐந்தில் ஒரு நாள் பிசகினால் 20 சதவீதம். எனவே தினமும் படம் எடுத்துச் சரிபார்த்த பிறகே கதிரைத் திறப்பது முக்கியமாகிறது. ஆகவே வருகைகள் மூன்றில் ஒன்றாகக் குறைந்தாலும் வேலை அதே விகிதத்தில் குறையாது. இது நிர்வாகிகளுக்குப் புரிவதில்லை. எந்திரத்தின் முன் நிற்பவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, தோல். சிவப்பதும் எரிவதும் கதிர்வீச்சு ஆரம்பித்துச் சில நாள் கழித்துத்தான் வரும். மூன்று வார முறையில் அந்த நேரத்தில் நோயாளி இன்னும் தினமும் வந்துகொண்டிருப்பார்; ஊழியர் பார்த்ததும் களிம்பு சொல்லிவிடுவார். ஒரு வார முறையில் எரிச்சல் ஆரம்பிக்கும்போது அவர் வீட்டில் இருக்கிறார், அதுவும் பொதுமுடக்கத்தில், பெரும்பாலும் தனியாக. எரிச்சல் முன்பைவிட லேசானதுதான். ஆனாலும் இது வருமா, சரியாகுமா என்று கேட்க எதிரில் ஆள் இல்லை. முதல் நாளே இதை எடுத்துச் சொல்லி அனுப்புவதும், அடுத்த வாரம் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரிப்பதும் இந்த முறையின் பகுதிதான். அவை இல்லாமல் தவணையை மட்டும் குறைத்தால் சிகிச்சை பாதியில் நின்ற உணர்வுதான் நோயாளிக்கு மிஞ்சும்.

இரண்டு எண்களுக்கு நடுவில்

இதையெல்லாம் இவ்வளவு துல்லியமாகப் பேச முடிவதற்கே ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்தில் 2009 ஏப்ரலிலிருந்து தேசிய சுகாதார சேவையின் ஒவ்வொரு கதிர்வீச்சு மையமும் ஒவ்வொரு வருகையையும் தேசியத் தரவுத்தொகுப்பில் பதிவு செய்கிறது. அதை வைத்து லீட்ஸைச் சேர்ந்த கேட்டி ஸ்பென்சர் குழுவினர் 2020-இன் முதல் அலையை அலசி, 2021 ஜனவரியில் லான்செட் ஆன்காலஜி இதழில் வெளியிட்டார்கள். இந்தக் கட்டுரையின் எண்கள் பலவும் அங்கிருந்து வருபவை.

முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால், வாரத்துக்குத் தொடங்கப்பட்ட சிகிச்சைகள் 2020 ஏப்ரலில் 19.9 சதவீதம் குறைந்தன. மே மாதம் 6.2 சதவீதம். ஜூனில் 11.6 சதவீதம். ஆனால் மருத்துவமனைக்கு வந்த வருகைகளின் எண்ணிக்கை ஏப்ரலில் 29.1, மேயில் 31.4, ஜூனில் 31.5 சதவீதம் குறைந்தது.

மே மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை பெற்றவர்கள் கிட்டத்தட்டப் பழைய அளவுக்கு வந்துவிட்டார்கள். வருகைகளோ கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே இருக்கின்றன. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் சுருக்கியதன் பலன்: தொற்று பரவ வாய்ப்பிருந்த அத்தனை பயணங்கள், அத்தனை காத்திருப்புகள் இல்லாமல் போயின.

எண்ணிக்கை கூடிய இடங்களும் உண்டு. ஜூனில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு 64.2 சதவீதம் கூடியது, உணவுக்குழாய்க்கு 41.2, மலக்குடலுக்கு 36.3. இவை எல்லாமே பெரிய அறுவை செய்யும் நோய்கள். அறுவை அரங்குகளும் தீவிர சிகிச்சைப் படுக்கைகளும் கொரோனா நோயாளிகளுக்குப் போய்விட்டன. அறுவையை ஒட்டித் தொற்று வந்தால் என்ன ஆகும் என்பதும் மே மாத இறுதியில் தெரிந்துவிட்டது: அப்படிப்பட்ட 1,128 பேரை வைத்துச் செய்த பன்னாட்டு ஆய்வில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 23.8 சதவீதம். கதிர்வீச்சுக்கு வென்டிலேட்டர் வேண்டாம், ஐசியூ வேண்டாம். மலக்குடலுக்கு 5 கிரே வீதம் ஐந்து நாள் கொடுத்துவிட்டு அறுவையைச் சில வாரம் தள்ளிவைக்கும் முறையும் முன்பே ஆய்ந்து வைக்கப்பட்டிருந்தது. மற்ற துறைகள் கதவை மூடியபோது அவர்களின் நோயாளிகளையும் சேர்த்துத் தாங்கிய துறை இது. அதற்குரிய பாராட்டு அதற்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை.

எழுபதைத் தாண்டியவர்கள்

சரி, இப்போது மறுபக்கம்.

அந்த ஏப்ரலில் 70 வயதுக்குக் கீழ் இருந்தவர்களின் சிகிச்சைகள் 7.3 சதவீதம் குறைந்தன. 70-ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 34.4 சதவீதம். புரோஸ்டேட் சிகிச்சைகள் 77 சதவீதம் வீழ்ந்தன. மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய்க்கு 72.4 சதவீதம்.

இதில் நியாயமான பங்கு கணிசமானது. புரோஸ்டேட் புற்றுநோயில் ஹார்மோன் ஊசி நோயைப் பல மாதம் அடக்கிவைக்கும். அதற்குள் கதிர்வீச்சைத் தொடங்கினால் போதும். தோலில் மெதுவாக வளரும் கட்டி சில வாரம் காத்திருக்கும். அந்த வயதில் கொரோனா வந்தால் பிழைப்பதே கேள்வி என்ற நிலையில், தள்ளிப்போடுவது மருத்துவரீதியாகவே சரி. ஆனால் நான்கு வாரத் தாமதம் எல்லா நோய்க்கும் ஒன்றில்லை. 2020 நவம்பரில் பிஎம்ஜே இதழில் வந்த தொகுப்பாய்வின்படி, தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. வயதைப் பார்த்து எடுத்த முடிவுக்கும் நோயைப் பார்த்து எடுத்த முடிவுக்கும் எண்களில் வேறுபாடு தெரியாது. அந்த 34.4 சதவீதத்துக்குள் எத்தனை பேர் நோயைப் பார்த்துத் தள்ளிவைக்கப்பட்டவர்கள், எத்தனை பேர் பயந்து தாங்களே வராமல் இருந்தவர்கள், எத்தனை பேர் வயதுக்காகவே கழித்துவிடப்பட்டவர்கள் என்று பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த தொற்றுக்கு முன் செய்ய வேண்டிய வேலைகளில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

மார்பகப் புற்றுநோயில் முழுதாகவே விட்டுவிடும் வழியும் இருந்தது. 65 வயதுக்கு மேல், 3 சென்டிமீட்டருக்குள் கட்டி, நிணநீர்க் கணுவில் நோய் இல்லை, ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொள்வார் என்றால் கதிர்வீச்சே வேண்டாம் என்று ஷார்லட் கோல்ஸ் குழுவின் வழிகாட்டுதல் அனுமதித்தது. பிரைம் இரண்டு என்ற ஆய்வின் ஐந்தாண்டு முடிவு அப்போது கையில் இருந்தது: கதிர்வீச்சு எடுத்தவர்களில் மார்பகத்தில் நோய் திரும்பியது 1.3 சதவீதம், எடுக்காதவர்களில் 4.1. பத்தாண்டு முடிவு 2023-இல் வந்தது: 0.9-ம் 9.5-ம். உயிர் வாழ்ந்தவர்கள் இரு குழுவிலும் ஏறத்தாழ 81 சதவீதம், வித்தியாசமே இல்லை.

ஆக, விட்டுவிட்டதால் யாருடைய ஆயுளும் குறையவில்லை. ஆனால் எழுபத்தைந்து வயதில் மறுபடி ஒரு அறுவை என்பது சின்ன விஷயமா? பதினைந்து பயணமா, ஒன்றுமே வேண்டாமா என்று கேட்டால் பல பாட்டிகள் வேண்டாம் என்பார்கள். ஐந்து பயணமா, ஒன்றுமே வேண்டாமா என்று கேட்டால் பதில் மாறலாம். ஐந்து தவணை வந்த பிறகு இந்தக் கேள்வியைப் புதிதாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும். பழைய பதிலை வைத்துக்கொண்டு ஓட்டக் கூடாது.

இன்னொரு இழப்பைக் கதிர்வீச்சுத் துறையால் எதுவும் செய்திருக்க முடியாது. 2020 ஏப்ரலில் புற்றுநோய்ச் சந்தேகத்தின் பேரில் அவசரமாக நிபுணரிடம் அனுப்பப்பட்டவர்கள் இங்கிலாந்தில் முந்தைய ஏப்ரலைவிடச் சுமார் 60 சதவீதம் குறைவு. மார்பகப் பரிசோதனை முகாம்கள் நின்றுபோயிருந்தன. ஜூனில் சிகிச்சைகள் மறுபடி சரிந்ததற்கு இதுவும் காரணம். நோயே கண்டுபிடிக்கப்படாதவருக்கு எத்தனை தவணை என்ற கேள்வியே எழாது.

பணம் எந்தப் பக்கம் இழுத்தது

இதைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். இங்கிலாந்தில் கதிர்வீச்சு மையங்களுக்குத் தவணைக் கணக்கில் பணம் வந்துகொண்டிருந்தது. பதினைந்து தவணை கொடுத்தால் பதினைந்துக்கான தொகை. ஐந்துக்கு மாறினால் வருமானம் சரியும். எந்த மருத்துவரும் காசுக்காகத் தவணையைக் கூட்டினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நோயாளிக்கு நல்லதைச் செய்தால் துறைக்கு நஷ்டம் என்ற ஏற்பாடு மாற்றத்தை மெதுவாக்கும். பெருந்தொற்று தொடங்கியதும் தேசிய சுகாதார சேவை மருத்துவமனைகளுக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுக்கும் முறைக்கு மாறியது. அந்தத் தடை ஒரே நாளில் விலகியது. தவணைக்குத் தவணை கட்டணம் வாங்கும் இடங்கள் உலகில் இன்னும் நிறைய இருக்கின்றன. ஐந்து தவணை அங்கே ஏன் மெதுவாகப் பரவுகிறது என்று கேட்பவர்கள் மருத்துவ இதழ்களோடு ரசீதுகளையும் பார்க்க வேண்டும்.

இந்தியாவில்

2020 மார்ச் 25 முதல் இந்தியாவில் பொதுமுடக்கம்; ரயிலும் பஸ்ஸும் நின்றன. தேசியப் புற்றுநோய் வலையமைப்பின் 41 மையங்களில் அந்த ஆண்டு மார்ச் முதல் மே வரை புதிதாகப் பதிவு செய்தவர்கள் முந்தைய ஆண்டைவிட 54 சதவீதம் குறைவு. பெரிய அறுவைகள் 49 சதவீதம் குறைவு. கதிர்வீச்சு பெற வந்தவர்கள் 23 சதவீதம் குறைந்தார்கள். இங்கேயும் அறுவையைவிடக் கதிர்வீச்சுதான் தாக்குப்பிடித்தது. ஆனால் இங்கிலாந்தில் ஒரு தவணை குறைந்தால் ஒரு பஸ் பயணம் குறையும். நம் நாட்டில் வெளியூரிலிருந்து வந்து, மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கி, கூட இருக்கும் மகனோ கணவரோ கூலியை விட்டுவிட்டுக் காத்திருக்கும் குடும்பத்துக்கு மூன்று வாரம் ஒரு வாரமாவது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை. "கரண்ட் வைக்கணும்" என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் முதலில் எழும் கேள்வியே "எத்தனை நாள் தங்கணும்?" என்பதுதானே. கொல்கத்தாவின் டாடா மெடிக்கல் சென்டர், 26 கிரே ஐந்து தவணையை 40 கிரே பதினைந்து தவணையோடு ஒப்பிடும் ஆய்வைப் பெருந்தொற்றுக்கு முன்பே தொடங்கியிருந்தது. பிரிட்டிஷ் பெண்களிடம் பார்த்த முடிவு இந்தியப் பெண்களுக்கும் பொருந்துமா என்பதற்கான பதிலை இங்கேயே தேடுகிறார்கள். அதுதான் சரியான வழி.

தங்கியதும் தங்காததும்

தொற்றுக் காலத்தில் கொண்டுவந்த ஏற்பாடுகள் பலவும் அது முடிந்ததும் மறைந்தன. ஐந்து தவணை மறையவில்லை. 2020 அக்டோபரிலேயே பிரிட்டனின் கதிரியல், புற்றுநோய் மருத்துவர்களின் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் ரேடியாலஜிஸ்ட்ஸ் நிபுணர்களைக் கூட்டி விவாதித்து, 26 கிரே ஐந்து தவணையை மார்பகத்துக்கும் மார்புச் சுவருக்கும் வழக்கமான சிகிச்சையாக ஏற்றது. 2023-இல் நைஸ் தன் நிரந்தர வழிகாட்டுதலில் அதைச் சேர்த்தது.

நிணநீர்க் கணுக்களுக்கும் கதிர்வீச்சு தேவைப்படும் பெண்களுக்கு மட்டும் 2023-இன் அந்த வழிகாட்டுதல் 40 கிரே, 15 தவணை என்றே நின்றது. அக்குளையும் கழுத்தெலும்பின் மேற்பகுதியையும் சேர்க்கும்போது கதிர் செல்லும் பாதையில் தோள்பக்கத்து நரம்புப் பின்னல் வருகிறது. நரம்புச் சேதம் பல ஆண்டு கழித்துத்தான் வெளியே தெரியும். ஃபாஸ்ட்-ஃபார்வர்டில் இவர்களுக்காகத் தனியாக ஒரு துணை ஆய்வு நடத்தி, கை, தோள் பாதிப்பை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2020 ஏப்ரலின் அத்தனை அவசரத்திலும் பல நாட்டு நிபுணர்களின் வழிகாட்டுதல் இந்தப் பெண்களை ஐந்து தவணைக்குள் கொண்டுவரவில்லை. அவர்கள் முகக்கவசத்தோடு மூன்று வாரம் தினமும் வந்து போனார்கள்.